யார் என்ற கட்டம்

வேலையில் சேர வேண்டிய தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கடிதம் அவளிடம் பத்திரமாக இருந்தது. பத்திரம் என்றால், ஒரு நாளைக்கு நான்கு முறை எடுத்துப் பார்க்கிற அளவுக்குப் பத்திரம். வேறு ஊரில், பழைய நிலவரைபடங்களைச் சேர்த்து வைக்கிற அலுவலகத்தில் பட்டியல் எழுதுகிற வேலை. முதலில் கொடுத்த தேதிக்கு அவள் போகவில்லை. வீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் பதிலின் கடைசி வரியில், இதற்கு மேல் தேதியைத் தள்ள முடியாது, வராவிட்டால் அடுத்தவரை அழைத்துக்கொள்வோம் என்று போட்டிருந்தார்கள்.

பாக்கி இருந்த வேலை, அம்மா எடுத்த படங்கள்.

அம்மா ஒரு பெரிய தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் புகைப்படக்காரியாக இருந்தவள். புது இயந்திரம் வந்தால் படம், விபத்து நடந்தால் படம், யாராவது ஓய்வு பெற்றால் மேனேஜர் கைகுலுக்குகிற மாதிரி ஒரு படம். புகைப்படப் பிரிவை மூடியபோது எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொன்னார்கள். அம்மா போடவில்லை. தினம் ஒன்றிரண்டாக வீட்டுக்குத் தூக்கிவந்தாள். மொத்தம் நாற்பத்தெட்டுப் பெட்டி. அண்ணன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன அறையில் அவை குடியேறின. கட்டிலின்மேல், கட்டிலுக்கடியில், ஜன்னலை மறைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் என்று எங்கும் பெட்டி. கதவு பாதிதான் திறக்கும். பக்கவாட்டில் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டும். உள்ளே நுழைந்துவிட்டால் ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, ஒரு மேசை. அந்த முக்காலியில்தான் அவள் ஏழு மாதமாக உட்கார்ந்திருந்தாள்.

நகர நூலகத்தில் பழைய படங்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதன் பொறுப்பாளர் அம்மாள் வந்து பார்த்துவிட்டு, பெட்டிகளை எடுத்துக்கொள்கிறோம், ஆனால் பட்டியல் வேண்டும் என்றார். ஒரு படத்துக்கு ஓர் அட்டை. அட்டையில் ஐந்து கட்டம்: எண், தேதி, இடம், என்ன, யார். "கடைசிக் கட்டம்தாம்மா முக்கியம். எங்க அப்பா இங்கே வேலை பார்த்தாரு, ஒரு படம் இருக்குமான்னு கேட்டுத்தான் ஜனங்க வருவாங்க" என்று சொல்லிவிட்டு, எப்படி எழுத வேண்டும் என்று காட்ட மாதிரிக்கு ஒரு படத்தையும் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

பட்டியல் எழுதுவதற்கென்றே ஒரு வருடம் சாயங்கால வகுப்புக்குப் போனவள் அவள். முறைப்படிதான் ஆரம்பித்தாள். பருத்திக் கையுறை, மெல்லிய பென்சில், லென்ஸ். முதலில் கான்டாக்ட் ஷீட்டுகள். ஒரு ஃபிலிம் சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, அப்படியே தாளின்மேல் பரப்பி அச்செடுத்தால் முப்பத்தாறு படமும் தபால்தலை அளவில் ஒரே தாளில் வந்துவிடும். அதில் பெரிதாக்க வேண்டிய படத்தை மட்டும் அம்மா சிவப்பு மெழுகுப் பென்சிலால் சுழித்திருப்பாள். சுழித்த படத்துக்கு ஓர் அட்டை. தேதியும் இடமும் தாளின் பின்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்திலேயே இருந்தன. யார் என்பதற்கு அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

"இது யாரும்மா?"

அம்மா லென்ஸைத் தாளின்மேல் வைத்துக் குனிவாள். "இவனா! பாய்லர் பிரிவு. ஊசின்னு கூப்பிடுவாங்க. ஆளைப் பாரு, காத்தடிச்சா பறந்துடுவான். ஆனா சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேர் பங்கைத் தின்னுட்டு மூணாவது ஆளோட டப்பாவைப் பார்த்துட்டு உக்காந்திருப்பான்."

"பக்கத்துல நிக்கிறவரு?"

"அது மூக்குக்கண்ணாடி."

"கண்ணாடியே போடலையே."

"அதனாலதான்டி அந்தப் பேரு. போட வேண்டியவன் போடல. ஒரு தடவை மேனேஜர்னு நினைச்சு இரும்பு அலமாரிக்கு வணக்கம் வெச்சுட்டான். அலமாரி பதில் சொல்லலைன்னு ரெண்டு நாள் கவலையா சுத்தினான்."

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாய்லர் பிரிவு, 'ஊசி' என்று அட்டையில் எழுதுவாள். ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். ஒரு நாளைக்கு ஆறு தாள் முடிந்தால் பெரிய விஷயம். இப்படியே ஆயிரத்து நூறு தாளும் முடிந்து, இரண்டாயிரத்து முந்நூறு அட்டைகள் எழுந்து நின்ற நாளில்தான் அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கு தொடங்கியது.

அன்றைக்கு அண்ணன் போன் செய்தான். அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆயிற்று.

"என்ன பட்டியலு, எந்தப் பெட்டியில இருக்கே?"

"எல்லாம் முடிஞ்சுதுண்ணா. சரிபார்க்கணும், அவ்வளவுதான். முதல் தேதி அங்க வேலையில சேரணும்."

"போ, போ, யாரு வேண்டாம்னா? நீ அங்க இருக்கேன்னுதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன், அது வேற விஷயம். வேலையைச் சுத்தமா முடிச்சுட்டுப் போ. பாதியில விட்டுட்டுப் போற ஆளா நீ?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்றாலும் மாட்டிக்கொள்வாள், இல்லை என்றாலும் மாட்டிக்கொள்வாள். "சரிண்ணா" என்று போனை வைத்தாள்.

சரிபார்க்கிற முறையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். இருபது அட்டைக்கு ஒன்றை உருவி, அதில் எழுதியிருப்பதைக் காட்டாமல், படத்தை மட்டும் காட்டி மறுபடி கேட்க வேண்டும். பெட்டி முடிய முடியச் செய்ய வேண்டிய வேலை. அவள் எல்லாம் முடியட்டும், ஒரேயடியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தாள்.

பன்னிரண்டு படங்களைக் காட்டினாள். அம்மா எல்லாவற்றுக்கும் மடமடவென்று பதில் சொன்னாள். அவற்றில் ஒன்பது அட்டையோடு ஒத்துப்போகவில்லை. பாய்லர் பிரிவு ஊசி, இப்போது பெயின்ட் பிரிவு டீச்சர் ஆகிவிட்டார். ஊசிக்கு இருந்த பசி டீச்சருக்கு இல்லை; டீச்சர் யாரைப் பார்த்தாலும் கையெழுத்து சரியில்லை என்று திட்டுவாராம்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே அம்மாவைக் கேட்டிருப்பார்கள். அவளோ வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். 'நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன்' என்று முடிவு கட்டிக்கொண்டாள். சட்டையில் ஒரு பொத்தான் மாறினால் கீழே வரை எல்லாம் மாறிப்போகிற மாதிரி, ஏதோ ஒரு தாளில் ஓர் அட்டை விட்டுப்போய், அதற்கடுத்தவரின் விவரமெல்லாம் முந்தையவரின் அட்டையில் ஏறியிருக்க வேண்டும். எந்த இடத்தில் மாறியது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும்.

நான்கு நாள் தேடினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வோர் அட்டையையும் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். எந்தப் பொத்தானும் எந்தக் காஜாவிலும் சேரவில்லை. அம்மா வாசலில் நின்று, கதவிடுக்கில் முகத்தை மட்டும் நீட்டி, "சாப்பிட வாடி, படம் எங்கேயும் ஓடிடாது" என்று கூப்பிட்டாள். அதுதானே கஷ்டம், ஓடினால்தான் தேவலையே என்று அவளுக்குத் தோன்றியது. அலுவலகத்துக்கு இன்னொரு கடிதத்தைக்கூட எழுத ஆரம்பித்தாள். 'எதிர்பாராத காரணத்தால்' வரை எழுதி, காரணம் தன் முட்டாள்தனம் என்பதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தாள்.

எட்டு நாள் மிச்சமிருந்தபோது அந்தக் கட்டைவிரல் கண்ணில் பட்டது.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் தாள். ஏதோ ஓர் ஆய்வுக்காக ஒரே நாளில் எடுத்த படங்கள். எட்டாம் படத்தில் ஒருவர் வலது கட்டைவிரலில் பெரிய உருண்டையாகத் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். இருபத்திரண்டாம் படத்திலும் அதே கட்டு, அதே கட்டைவிரல், அதே முகம். எட்டாம் படத்தின் அட்டையில் 'வெல்டிங் பிரிவு, தவளை' என்றிருந்தது. இருபத்திரண்டில் 'கிடங்கு, மொட்டைக்கடிதம்'. இரண்டும் ஒரே பிற்பகலில், அடுத்தடுத்து எழுதிய அட்டைகள். நடுவில் எதுவும் விட்டுப்போயிருக்க வழியில்லை. மொட்டைக்கடிதத்தின் கதையைக் கேட்டுச் சிரித்ததில் பென்சில் வழுக்கி விழுந்த கோடுகூட அட்டையில் அப்படியே இருந்தது.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. ஆரம்பித்த மூன்றாவது வாரத்திலேயே இப்படி ஓர் ஆளை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறாள். தன் கைதான் தவறியது என்று எண்ணி, முதல் அட்டையை அழித்து இரண்டாவதைப்போல மாற்றி எழுதி, யாரிடமும் சொல்லாமல் மூடிவைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் செய்தது அவளுக்கே பிடிக்காத காரியம். நூலகத்து அம்மாள் மாதிரிக்குக் கொடுத்த படத்தை உறையிலிருந்து எடுத்தாள். ஒரு படிக்கட்டில் மூன்று ஆண்கள். எந்த ஊரோ, யாரோ எடுத்தது. அதை அம்மாவின் படங்களுக்கு நடுவில் செருகினாள். திருடப் போகிறவளைப்போல ஒருமுறை கதவிடுக்கைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

நான்காவதாக அது வந்தது.

"இது யாரும்மா?"

அம்மா கண்ணைச் சுருக்கினாள். "இது... கேன்டீன் படிக்கட்டு. நடுவுல நிக்கிறவன் லாரி பிரிவு. கடிகாரம்னு கூப்பிடுவாங்க. எப்பப் பார்த்தாலும் மணி என்னன்னு கேட்பான். கையில வாட்ச் கட்டியிருப்பான், இருந்தாலும் கேட்பான். ஏன்டான்னா, என்னுது சரியா ஓடுதான்னு பார்க்கறேம்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கொடுமை. சிரிப்பை விழுங்கினாள். எழுதவில்லை.

"எழுதலையா?"

அவள் படத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். பின்பக்கத்தில் நூலகத்தின் ஊதா முத்திரை பளிச்சென்று இருந்தது.

அம்மா அதைக் குனிந்து பார்த்தாள்.

"இது நம்ம படமே இல்லம்மா."

"தெரியுது. முத்திரைதான் இருக்கே."

"எத்தனை பேரும்மா நிஜம்?"

அம்மா லென்ஸை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அதில் அழுக்கு எதுவும் இல்லை. "வாட்ச்மேனைத் தெரியும். மேனேஜர் ரெண்டு பேரைத் தெரியும். கிரேன் ஓட்டுறவர் ஒருத்தர், அவரோட பொண்ணு உன் கிளாஸ்ல படிச்சா, அவரைத் தெரியும். அவ்வளவுதான்."

"இருபத்தேழு வருஷம்மா!"

"இருபத்தேழு வருஷமும் ஒரு கண்ணை மூடிட்டு நின்னேன்டி. இப்படி நில்லுங்க, கொஞ்சம் தள்ளி, ஆச்சு, போலாம். இதுக்கு மேல அங்க யாரு என்கிட்ட பேசினா? யாரு எவருன்னு எழுதிக்கறது ஆபீஸ்ல இன்னொரு ஆளோட வேலை. அந்த நோட்டெல்லாம் எரிச்சுட்டாங்க."

"அப்ப தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு இப்படி அளந்து விட்டே?"

"சொன்னேனே. முதல் நாள் பூரா தெரியாது, தெரியாதுன்னுதான் சொன்னேன். எடுத்துப் பாரு." அம்மாவின் குரல் இறங்கியது. "அன்னிக்கு இருபத்திரண்டு ஷீட் முடிச்சே. முகத்துல அப்படி ஒரு பரபரப்பு உனக்கு. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். இந்த வேகத்துல போனா ரெண்டு மாசம் தாங்காது, நீ கிளம்பிடுவேன்னு தெரிஞ்சுது. மறுநாள் சும்மா ஒருத்தனுக்குப் பேரு வெச்சேன். நீ சிரிச்சே. அன்னிக்கு ஆறு ஷீட்தான் ஆச்சு."

ஏழு மாதம். இந்த முக்காலி. இந்தப் பாதிக் கதவு.

"என்னைப் பிடிச்சு வெச்சிருந்திருக்கே. பெட்டியோட பெட்டியா."

"ஆமா. வெச்சிருந்தேன்." அம்மா மறுக்கவே இல்லை. "ஆனா ஒண்ணு கேட்கறேன். இருபதுக்கு ஒண்ணு சரிபார்ப்பேன்னு முதல் நாளே சொன்னியே. எனக்கு அந்தப் பயம்தான். இன்னிக்குக் கேட்பா, நாளைக்குக் கேட்பா, கையும் களவுமா மாட்டுவேன்னு தினமும் உக்காந்திருந்தேன். நீ கேட்கவே இல்லையே. ஏன்டி கேட்கல?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. கடிதத்தை ஒரு நாளைக்கு நான்கு முறை எடுத்துப் பார்த்தது ஆசையால் மட்டும் இல்லை. புது ஊர், புது மேசை, பக்கத்தில் வேலை தெரிந்தவர்கள். இவளுக்கு இது வருமா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இந்த அறையில் மூச்சு முட்டும், ஆனால் அந்தக் கேள்வி உள்ளே நுழையாது. கதவு அதற்கும் சேர்த்துத்தான் பாதி திறந்திருந்தது.

அம்மா எழுந்து, பக்கவாட்டில் திரும்பி, வெளியே போனாள்.

ஏழு நாள். அட்டைகளை அப்படியே கொடுத்துவிடலாம். நூலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் என்றைக்காவது ஒரு பெண் தன் அப்பாவைத் தேடி வருவாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கண் கலங்குவாள். அப்புறம் அட்டையைப் படித்து, அப்பாவை எல்லோரும் மொட்டைக்கடிதம் என்று கூப்பிட்டார்களாமே என்று வீட்டுக்குப் போய்ச் சொல்வாள். அதை நினைத்ததும் அவளுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. திரும்ப விசாரித்து எழுதலாம் என்றால் விசாரிக்க ஆள் இல்லை. எல்லாம் பென்சிலில் எழுதியது என்பது ஒன்றுதான் சௌகரியம்.

அம்மாவுக்கு நிஜமாகத் தெரிந்த அந்த நான்கு பேரின் அட்டைகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, முதல் பெட்டியிலிருந்து ஆரம்பித்தாள். யார் என்ற கட்டத்தை அழிப்பது, பொடியை ஊதுவது, 'தெரியவில்லை' என்று எழுதுவது, அடுத்தது. முதல் நாளே அறுநூறு அட்டை. அம்மா இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் கதவிடுக்கில் முகம் தெரிந்தது.

"எல்லாரையுமா அழிக்கறே?"

"எல்லாரையும்தான்."

"மூக்குக்கண்ணாடியையுமா?"

"அவரையும்தான்."

"அவன் நல்லவன்டி."

"அவரு இல்லவே இல்லம்மா."

"அதனாலதான் நல்லவன்" என்றாள் அம்மா. இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள், சரியாக வரவில்லை. அம்மா நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழித்த பொடியை மேசையிலிருந்து கையால் கூட்டி ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டே இருந்தாள். அட்டை ஒவ்வொன்றும் அழிவதற்கு முன்னால் அவள் அதை ஒருமுறை தலைகீழாகப் படிப்பதை மகள் பார்த்தாள். பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

முதல் தேதிக்கு மூன்று நாள் இருக்கையில் அட்டைப் பெட்டிகளை நூலகத்துக்கு எடுத்துப்போனாள். பொறுப்பாளர் அம்மாள் பத்துப் பதினைந்தைப் புரட்டினார்.

"தேதி, இடமெல்லாம் ரொம்ப நேர்த்தியா இருக்கும்மா. ஆனா யார்னு இருக்கிற இடத்துல எல்லாம் தெரியலைன்னே இருக்கே?"

"நாலு பேர் இருக்காங்க மேடம். அந்த அட்டைகளைத் தனியா முன்னாடி வெச்சிருக்கேன்."

"இரண்டாயிரத்துச் சொச்சத்துல நாலு பேரா? உங்க அம்மாவைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். "நானா முடிவு பண்ண முடியாது. அடுத்த மாசம் குழு கூடும். வேண்டாம்னாலும் சொல்லலாம். அதுவரைக்கும் படம் உங்க வீட்லயே இருக்கட்டும். ஏதாவது கேட்கணும்னா நீங்க வந்து..."

"நான் இருக்க மாட்டேன் மேடம். அண்ணன் நம்பரை எழுதிக்குங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஏழு மாதத்தில் மறுபடி சரிபார்க்காமல் அவள் கொடுத்த ஒரே எண் அதுதான்.

அன்று சாயங்காலமே அண்ணன் போனில் குதித்தான். "என்ன பட்டியலு, என் நம்பரைக் குடுத்துட்டு வந்திருக்கியாமே? அந்தம்மா எனக்குப் போன் பண்ணி பெட்டி எத்தனைன்னு கேட்கறாங்க! எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம்ணா. தெரியாதுன்னே சொல்லு. ஞாயித்துக்கிழமை வந்து அம்மாவைப் பாரு, அது போதும்."

"ஞாயித்துக்கிழமையா? ஒரு வார்த்தை முன்னாடி சொல்ல வேண்டாமா?"

"இப்ப சொல்றேனே" என்றாள். அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கேட்டுக்கொண்டே துணிகளை மடித்தாள்.

கிளம்புகிற காலையில் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா அவளுடைய பையைத் தானே தூக்கிவந்தாள்.

"குழு வேண்டாம்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும்."

"நாற்பத்தெட்டுப் பெட்டியும் இங்கேயே கிடக்கும்."

"கிடக்கட்டும்மா."

"யாராவது வந்து மறுபடி முதல்லேர்ந்து..."

"பெட்டிக்காக நான் வர மாட்டேன்மா."

இதைச் சொல்ல அவள் இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். ஒத்திகையில் அம்மாவின் முகம் இப்படி இருக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவுமில்லை.

"எனக்காக?"

"லீவு கிடைச்சதும் வரேன்."

"கிடைக்குமா?"

"தெரியாதும்மா. போய்த்தான் பார்க்கணும்."

அவள் பையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கம் அம்மாவின் கையில் இருந்தது. வண்டிக்காரர் ஒருமுறை ஒலி எழுப்பினார்.

"கையை எடும்மா."

"எடுக்கறேன், எடுக்கறேன். பறக்காதே."

எடுத்தாள். உடனே இல்லை, ஆனால் எடுத்தாள். பையின் முழுப் பளுவும் மகளின் தோளுக்கு மாறியது. அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கடிதம், அடையாள அட்டை, டிக்கெட், எல்லாவற்றையும் எடுத்தோமா என்று ஒருமுறை இறங்கிப் பார்த்துவிடலாமா என்று கால் துடித்தது.

"போலாமா?" என்றார் வண்டிக்காரர்.

அந்தக் கால் தரையைத் தொடுவதற்குள், "போங்க" என்று சொல்லிவிட்டாள்.